வசைமொழிக்கும் வன்முறைக்கும் எல்லை எங்கே?



நம் சமயத்தையும் நம் முனிவர்களையும் இழித்துப் பேசுவோரின் வாயைச் சட்டத்தால் அடைக்கக் கூடாதா என்னும் வினா இப்போது நம் வீடுகளில் அடிக்கடி எழுகின்றது. இளைஞர் கைப்பேசியைக் காட்டிச் சினத்தோடு கேட்கின்றனர். பெரியோர் சிலர், கையொப்பம் திரட்டி அரசுக்கு விண்ணப்பம் அனுப்பலாமே என்கின்றனர். வினா ஒரு வரியில் அடங்கிவிடுகின்றது. விடை அவ்வாறு அடங்குவதில்லை. ஆகவே இதனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு, நடந்த வழக்குகள் சிலவற்றின் வழியே படிப்படியாக ஆராய்வோம். பாடம் சற்று நீளும். ஒரே அமர்வில் படித்து முடிக்கவேண்டும் என்பதில்லை.

நம்மை நேரே தொட்ட வழக்கு

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 அன்று தருண் சாகர் முனிவர் அரியானா சட்டப் பேரவையில் அறவுரை ஆற்றினார். திகம்பர முனிவர் ஒருவர் பேரவையில் உரை நிகழ்த்தியது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தந்த செய்தி. இந்தித் திரையிசை அமைப்பாளர் ஒருவரும் அரசியல் விமரிசகர் ஒருவரும் அதனைச் சமூக வலைத்தளத்தில் எள்ளி எழுதினர். கேட்ட நம் நெஞ்சு நொந்தது உண்மை. இசையமைப்பாளர் பின்னர் மன்னிப்பு வேண்டினார், முனிவரை நேரில் கண்டும் வேண்டினார், முனிவர் பொறுத்தருளினார். ஆயினும் வேறொருவர் கொடுத்த புகாரின்மேல் 295-ஏ முதலிய பிரிவுகளில் பதிவான வழக்கு நின்றுவிடவில்லை. 2018 செப்டம்பர் 1 அன்று முனிவர் மறைந்த பின்னும் அது நடந்தது. 2019இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம், குற்றம் ஏதும் இல்லை என்று வழக்கை நீக்கியது; நீக்கிய கையோடு இருவரும் ஆளுக்கு 10 இலட்சம் ரூபாய் செலுத்தவேண்டும் என்றும் ஆணையிட்டது. அதன்மேல் சென்ற முறையீட்டில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அப்பண ஆணையை நீக்கியது. குற்றம் இல்லை என்று கண்டபின் ஒழுக்கம் போதிப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்பது அதன் கருத்து.

முனிவர் சில நாள்களிலேயே முடித்துவைத்த ஒன்றை நீதிமன்றங்கள் முடித்துவைக்க எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இடையில் அந்த எள்ளல் மொழி எத்தனை முறை செய்தித்தாள்களில் மறுபடி அச்சேறியது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புகார் இல்லையேல் அது ஒரு வாரத்தில் மறந்திருக்கும்.

ஆசிரியப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. கடினமான பாடத்தைத் தொடங்குமுன் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டாகப் பிரிப்போம். அவ்வாறே இங்கும் பிரிப்போம். இடப்புறம் ‘புண்படுதல்’ என்று எழுதுக. வலப்புறம் ‘ஆபத்து’ என்று எழுதுக. “உங்கள் முனிவரைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது” என்றால் அஃது இடப்புறம் சேரும். “அந்தத் தெருவில் இருப்பவர்களை இன்றிரவே ஊரைவிட்டு விரட்டுங்கள்” என்றால் வலப்புறம் சேரும். இவ்விரண்டையும் ‘வெறுப்புப் பேச்சு’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது இக்கால வழக்காகிவிட்டது. குழப்பத்தின் வேர் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கின்றது என்பது நம் கருத்து.

சென்னையிலிருந்து எழுந்த வழக்குகள்

பேச்சுரிமைச் சட்டத்தின் வரலாற்றில் நம் மாநிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே, ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இடதுசாரி வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையலாகாது என்று சென்னை அரசு தடை விதித்தது. 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் அதற்குக் கருவியாயிற்று. 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அதே நாளில், தில்லியில் முன்தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டிருந்த ‘ஆர்கனைசர்’ இதழின் வழக்கிலும் அவ்வாறே தீர்ப்பளித்தது. ஒன்று இடதுசாரி ஏடு. மற்றொன்று இந்து தேசியக் கருத்துடைய ஏடு. ஒன்றையொன்று முகங்கொடுத்தும் பாராத இரண்டு ஏடுகள் ஒரே நாளில் ஒரே கொள்கையால் காக்கப்பட்டன. பிடித்த ஏட்டுக்கு ஒரு நீதி, பிடிக்காத ஏட்டுக்கு ஒரு நீதி என்று கேட்போர் இந்த நாளை நினைவிற் கொள்க.

இத்தீர்ப்புகளுக்குப் பின், 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கைக் காப்பதற்கும், குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுப்பதற்கும் பேச்சுரிமையின்மேல் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 19ஆம் உறுப்பில் சேர்க்கப்பட்டது. ‘நியாயமான’ என்னும் சொல்லும் அத்திருத்தத்தில்தான் வந்தது. அச்சொல்லுக்கு நீதிமன்றங்கள் இன்றும் பொருள் கண்டு வருகின்றன.

295-ஏ பிரிவின் பிறப்பு இதனினும் பழையது. 1924இல் லாகூரில் வெளிவந்த சிறு நூல் ஒன்று நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தியதாக வழக்கு நடந்தது. சமயத் தலைவர் ஒருவரைப் பழிப்பதைத் தண்டிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை என்று 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் பதிப்பாளரை விடுவித்தது. உடனே அவ்வாண்டே மத்தியச் சட்டசபையில் 295-ஏ இயற்றப்பட்டது. சட்டம் வந்தும் 1929இல் அப்பதிப்பாளர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற இளைஞன் தூக்கிலிடப்பட்டான். இரண்டு உயிர்களில் ஒன்றையேனும் அச்சட்டம் காத்ததா என்பது வகுப்பில் எழுப்பத்தக்க வினா. இன்று அப்பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக இருக்கின்றது. திட்டமிட்ட தீய எண்ணத்தோடு செய்யும் கொடிய இகழ்ச்சியே அதற்குள் அடங்கும் என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்திருப்பதை மனு எழுதப் புறப்படுவோர் அறிந்திருத்தல் நலம்.

இனி, நம் பாடத்தின் நடுநாயகமான வழக்குக்கு வருவோம். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்த் திரைப்படம் இட ஒதுக்கீட்டு முறையைக் குறைகூறும் கதை. பிராமணப் பெண் ஒருத்தி சாதியை மாற்றிச் சொல்லி அரசுப் பணி பெறுவதாக அமைந்தது. படத்துக்குத் தரப்பட்ட தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. படம் திரையிடப்பட்டால் கலவரம் மூளும் என்பது அரசின் வாதம். 1989 மார்ச்சு 30 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழை மீட்டுத் தந்தது. அத்தீர்ப்பில் ஓர் உவமை வருகின்றது. பேச்சைத் தடுக்கவேண்டுமானால் அதற்கும் தீங்குக்கும் உள்ள தொடர்பு நெருங்கியதாக, வெடிமருந்துப் பெட்டியில் விழும் தீப்பொறி போன்றதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. எங்கோ, என்றோ, எவர்க்கோ கோபம் வரக்கூடும் என்னும் ஊகம் போதாது. ஆர்ப்பாட்டம் செய்வோம், கல்லெறிவோம் என்று சிலர் மிரட்டுவதால் பேசுபவன் வாயை அடைப்பது, மிரட்டுவோரிடம் அரசு சரணடைவதற்கு ஒப்பாகும். எதிர்ப்போரைச் சமாளிக்க இயலாது என்று சொல்லும் உரிமை அரசுக்கு இல்லை என்றும் அத்தீர்ப்பு கூறிற்று.

அப்படத்தின் வாதத்தில் நமக்குச் சிறிதும் உடன்பாடில்லை. தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் பாடம் சொன்ன ஆசிரியைக்கு, முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடு என்ன செய்தது என்பது கண்கூடு. அதனாலேயே இவ்வழக்கைத் தேர்ந்தோம். நாம் உடன்படும் பேச்சைக் காத்த தீர்ப்பைப் புகழ்வது எவர்க்கும் எளிது.

ஊர்வலங்களுக்கும் இந்நெறியே பொருந்தும். 2022 அக்டோபர் 2 அன்று தமிழ்நாடெங்கும் ஊர்வலம் நடத்த ஆர்.எஸ்.எஸ். அமைப்பு அனுமதி கேட்டபோது, பொது அமைதி கருதிக் காவல்துறை மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் சென்றது. 2023 ஏப்ரல் 11 அன்று மாநில அரசின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. அவ்வமைப்பைப் பற்றி வாசகர்க்குப் பலவாறான கருத்து இருக்கலாம். எந்த வழி, எந்த நேரம், எத்தனை காவலர் என்பனவற்றை அரசு வகுக்கலாம்; பிறர் தாக்குவர் என்னும் அச்சத்தாலேயே அடியோடு மறுக்கலாகாது என்பதே இங்கு நாம் கற்கவேண்டுவது. நாளை நம் மகாவீர் ஜயந்தி ஊர்வலத்துக்கு எவரேனும் எதிர்ப்புத் தெரிவித்தால், நாம் போய் நிற்கும் இடமும் அத்தீர்ப்புத்தான்.

கோட்டின் வலப்புறம்

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, சொல்லால் தீங்கே விளையாது என்று எவரும் கொள்ளலாகாது. நாம் வாழும் திருவிடைமருதூருக்கு அடுத்துள்ள திருபுவனம் பட்டு நெசவுக்குப் பேர்பெற்றது. 2019 பிப்ரவரி 5 அன்று அவ்வூரில் மதப் பிரசாரம் தொடர்பான வாக்குவாதத்தை அடுத்து ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்றது. பேச்சுக்கு விடையாக அரிவாள் வந்த கொடுமை நம் வாசலுக்கே வந்த நாள் அது. அடுத்த சில நாள்களில் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் நம் காதில் விழுந்த பேச்சையும் மறக்க இயலவில்லை. செய்தவர் சிலர், பழியோ ஒரு தெருவின் மேல், ஒரு சமயத்தின் மேல் ஏறிற்று. “இவர்களையெல்லாம்” என்று தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது ஆசிரியர்க்குத் தெரியும். இலக்கணத்தில் பன்மை விகுதி ஓர் எழுத்து மாற்றம்தான். ஊரில் அது பல குடும்பங்களின் உறக்கம். 

இலங்கையில் அத்தகைய பேச்சு மேடையேறியது. 2014 சூன் 15 அன்று அளுத்கமவில் பொது பல சேனா அமைப்பின் கூட்டத்தில் ஞானசார தேரர், சிங்களவர்மீது இனிக் கைவைத்தால் முசுலிம்களுக்கு அதுவே முடிவு என்னும் கருத்துப்படப் பேசினார். சில நாள்களுக்கு முன் நடந்த சிறு கைகலப்பால் ஊர் ஏற்கெனவே கொதித்திருந்தது. கூட்டம் முடிந்து ஊர்வலம் கிளம்பிய மாலையிலேயே அளுத்கமவிலும் தர்காநகரிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்களும் போயின. பேசியவர் செல்வாக்குடையவர், கேட்டவர் திரண்டு நின்றவர், இலக்கானவர் நடக்கும் தொலைவில் இருந்தவர், நேரம் பதற்றமானது. வெடிமருந்துப் பெட்டியும் பொறியும் இங்கே கண்ணெதிரே இருக்கின்றன. அந்தக் கூட்டத்தைத் தடுத்திருந்தால் பேச்சுரிமைக்கு இழுக்கு வந்துவிடும் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

இனி அதே நாட்டில் சட்டம் யாரைப் பிடித்தது என்று பார்ப்போம். சமய வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டிலேயே இலங்கையில் ஒரு சட்டம் உண்டு. அச்சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரல் 1 அன்று கைதானவர் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர். புத்தமடம் ஒன்றைப் பற்றிய சிறுகதை எழுதியதே அவர் செய்தது. நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜசீம் என்னும் இளம் தமிழாசிரியர், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். ‘நவரசம்’ என்னும் அவருடைய கவிதை நூல் தீவிரவாதத்தைப் பரப்புகின்றது என்பது குற்றச்சாட்டு. தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளே அந்நூலில் இருந்தன. பத்தொன்பது மாதங்கள் கழித்தே பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஞானசார தேரர், 2016இல் பேசிய வேறொரு பேச்சுக்காகச் சிறைத்தண்டனை பெற்றது 2024 மார்ச்சில். வலிமையற்ற எழுத்தாளரிடம் விரைந்தோடிய சட்டம், வலிமையுடைய துறவியிடம் எட்டாண்டு நடந்து போயிற்று.

ஒரு கவிதைக்காக இந்தியாவிலும் வழக்குப் பதிவானதுண்டு. 2025 மார்ச்சு 28 அன்று உச்ச நீதிமன்றம், குசராத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்காரிமீது பதிவான அத்தகைய வழக்கை நீக்கியது. ஒரு சொல்லின் விளைவைத் திடமான நெஞ்சுடைய சாதாரண மனிதரைக் கொண்டு அளக்கவேண்டும். எதற்கெடுத்தாலும் அஞ்சுவோரையும் சினப்போரையும் கொண்டு அளக்கலாகாது என்று நினைவூட்டியது.

சுவஸ்திகம் பட்ட பாடு

மேலைநாட்டார் இந்த எல்லையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டும் ஊர், அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஸ்கோக்கி. இட்லரின் வதை முகாம்களிலிருந்து தப்பிய யூதர் பலர் அங்குக் குடியேறியிருந்தனர். 1977இல் ஒரு சிறு நாசிக் கூட்டம், அவ்வூர் வழியாகத் தம் சின்னத்தோடு அணிவகுத்துச் செல்வோம் என்றது. அவர்களுடைய உரிமைக்காக வழக்காடிய வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பெர்கரே யூதர். அவர் சார்ந்த உரிமைச் சங்கத்திலிருந்து உறுப்பினர் பல்லாயிரவர் விலகினர். 1978இல் நீதிமன்றம், சின்னத்தைக் காட்டுவதும் பேச்சுரிமையே என்றது. முடிவில் அக்கூட்டம் ஸ்கோக்கிக்குப் போகாமல் சிகாகோவில் கூடிக் கலைந்தது.

அவர்கள் ஏந்திய சின்னத்தைக் கண்டால் நம் வீட்டுக் குழந்தை, “பாட்டி, நாம் கோயிலில் அரிசியில் போடுவது!” என்று சொல்லும். நாற்கதியைக் குறிக்கும் நான்கு கைகள், மேலே மும்மணிகளுக்கு மூன்று புள்ளிகள், அதற்கும் மேலே சித்தசிலைக்குப் பிறை என்று பச்சரிசியால் நாம் நாள்தோறும் வரையும் சுவஸ்திகத்தின் வடிவையே இட்லர் சாய்த்துத் தன் கொடியில் வைத்தான். அவ்வடிவு ஒரு யூத மூதாட்டிக்கு என்ன நினைவைத் தரும் என்பதை நாம் உணர்தல் வேண்டும். அக்கொடியின் நிழலில் வார இதழ் நடத்தி, யூதரைப் பற்றி ஆண்டுக்கணக்காக நஞ்சு கக்கிய யூலியஸ் ஸ்ட்ரைக்கர், தன் கையால் ஒருவரைக் கொன்றதாக வழக்கில்லாதிருந்தும், 1946இல் நியூரம்பெர்க் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டான்.

ஆயினும் அச்சின்னத்தைச் சட்டத்தால் தடுக்கப் புகுந்தபோது நிகழ்ந்ததைப் பாருங்கள். 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அதனைத் தடைசெய்யலாம் என்று செருமனி முயன்றபோது இந்து அமைப்புகள் எதிர்த்தன; முயற்சி கைவிடப்பட்டது. ஆசுதிரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாசிச் சின்னத்தைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. இந்து, பௌத்த, சமணச் சமயத்தார் தம் வழிபாட்டில் இடும் சுவஸ்திகத்துக்குத் தடையில்லை என்று அச்சட்டம் தெளிவாகவே விலக்களித்தது. அந்த விலக்கு தானாக விழுந்த கனியன்று. சின்னத்தின் பொருளை அங்குள்ள சமூகத்தார் முன்கூட்டியே எடுத்துரைத்தனர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் ஏறத்தாழ 89 ஆயிரவர். வடநாட்டிலிருந்து வந்தோரையும் சேர்த்த தொகை இது. இத்துணைச் சிறிய சமூகத்துக்கு, விரிந்த சொற்களால் எழுதப்படும் எந்தத் தடைச் சட்டமும் காவலாக வருமா, வலையாக வருமா என்பது எழுதப்படும் நாளில் தெரியாது.

பத்தாம் பாட்டு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மகாலிங்கப் பெருமான் கோயில் கொண்ட இவ்வூருக்குச் சம்பந்தர் பாடிய தேவாரப் பதிகங்கள் உண்டு. அவர் பதிகங்களில் பத்தாம் பாட்டு சமணரையும் சாக்கியரையும் பழிப்பது பெருவழக்கு. நம்மோடு பணியாற்றிய சைவ ஆசிரியை ஒருவர் நன்றாகப் பாடுவார். நாம் இருக்கும் அவையில் ஒன்பதாம் பாட்டிலிருந்து நேரே பதினோராம் பாட்டுக்குத் தாவிவிடுவார். “ஏன் டீச்சர் விட்டுவிட்டீர்கள்?” என்று ஒருநாள் கேட்டோம். “உங்களுக்கு மனசு வருத்தமாக இருக்குமே டீச்சர்” என்றார். வருத்தம் உண்டு, எனினும் பாட்டை முழுதும் பாடுங்கள் என்றோம். அவர் அன்பினால் விட்டது ஒன்று. சட்டத்தால் விடச் செய்வது முற்றும் வேறு. அவ்வாறு ஒரு சட்டம் வந்தால் அவருடைய அன்புக்கு இடமே இராது.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் கதையும் இவ்வகையதே. பிள்ளைகள் கோயில் ஓவியத்தைக் கண்டு வந்து நம்மைக் கேட்பர். கேட்டால் வரலாற்றுப் பாடமாகவே சொல்லுங்கள். அக்கதையை நமக்குச் சொல்வோர் சம்பந்தர்க்குப் பல நூற்றாண்டுகள் பின் வந்த நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும். அக்காலத்துக் கல்வெட்டுச் சான்று எதுவும் அதற்கு இல்லை. அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். அதே வேளையில் சமயப் பூசல் இருந்ததும், பள்ளிகள் பல பாழானதும் மறைக்கத்தக்கன அல்ல. ஓவியத்தை அழிக்கச் சொல்வதற்கு நாம் யார்? ஆயின் ஒருவன் இன்று நம் தெருவில் நின்று, அன்று செய்ததை இன்றும் இவர்களுக்குச் செய்வோம் என்பானேல், அப்பேச்சு அந்நொடியே கோட்டின் வலப்புறம் போய்விடும். கதை ஒன்றே, காலமும் இடமும் நோக்கமும் வேறு.

நம் முன்னோரும் வாளாவிருந்தவரல்லர். குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நீலகேசியில், பௌத்தம் முதலிய பிற சமயங்களெல்லாம் கடுமையாகவே வாதில் மடக்கப்படுகின்றன. வேடிக்கை என்னவெனில், குண்டலகேசி முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நாம் அறிவதில் ஒரு பகுதி, அதனை மறுக்க வந்த நீலகேசியின் உரையால் அறிவது. மறுக்குமுன் எதிரியின் சொல்லை எடுத்துவைக்கும் முறையால் வந்த பயன் இது. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த அந்நூல் வீட்டில் இருந்தால், பிள்ளைகளுக்கு அதன் கதைப் பகுதியையேனும் படித்துக் காட்டலாம். அநேகாந்தம் என்றால் எல்லாரும் சொல்வது சரி என்று நம்மவரே சிலர் மேடைகளில் சொல்லி வருகின்றனர். அவ்வாறாயின் நீலகேசி எழுந்திருக்கவே வேண்டாம்.

சுடுசொல்லும் இம்சையே என்று நம் ஆகமம் கூறுகின்றதே, அதனைத் தடுப்பது அறமன்றோ என்று சிலர் வினவுவர். உண்மை. வசன குப்தியும் பாஷா சமிதியும் அதற்கே ஓதப்பட்டன. அவை நாமே ஏற்று நம் நாவின்மேல் வைத்துக்கொள்ளும் கட்டு. அயலான் நாவைக் கட்டக் காவலரை அனுப்புமாறு எந்த விரதமும் கூறவில்லை.

ஓர் இடர்ப்பாட்டை மறைக்காமல் சொல்லவேண்டும். நாம் கிழித்த கோட்டின்மேலேயே நிற்கும் பேச்சும் உண்டு. எவரையும் அடி என்று சொல்லாது. ஆனால் ஒரு சமூகத்தாரைப் புழு என்றும் நோய் என்றும் நாள்தோறும் சொல்லிக்கொண்டேயிருக்கும். அவர் கடையில் வாங்காதே, அவர்க்கு வீடு தராதே என்னும். பொறி விழும்வரை காத்திருக்கச் சொல்லும் நெறி இதற்குப் போதாது. ஸ்ட்ரைக்கரின் இதழ் இவ்வகையதே. இத்தகைய பேச்சில் சொல்லை மட்டும் பாராமல், சொல்பவர் யார், எங்கே, எந்தச் சூழலில், யாரை நோக்கி என்பனவற்றையும் பார்க்கவேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் விளக்கியது. வலிமையுடையவர் வாயிலிருந்து வரும்போது இதனை இடப்புறத்தில் விட்டுவிடலாகாது என்பதே நம் எண்ணம். பகைமை வளர்ப்பதைத் தண்டிக்கும் 196ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கின்றது.

செயலுக்குச் சில சொற்கள். அச்சுறுத்தும் பேச்சைக் கேட்டால் நாள், நேரம், இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அப்படியே எழுதி வையுங்கள். ‘மனம் புண்பட்டது’ என்று எழுதாமல், யாருக்கு என்ன தீங்கு செய்யச் சொன்னார் என்று எழுதுங்கள். காவல் நிலையத்தில் ஏற்காவிடில் மாவட்டக் கண்காணிப்பாளர்க்கு எழுத்தில் அனுப்பலாம். அதன்பின் நடுவர் நீதிமன்றம் உண்டு. புகாருக்குக் காத்திராமல், பேசியவர் எச்சமயத்தவராயினும் காவல்துறை தாமே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டதைச் சுட்டிக்காட்டலாம். அக்காணொளியைக் குடும்பக் குழுவில் ‘பாருங்கள் அநியாயத்தை’ என்று பகிர்வது மட்டும் வேண்டா. பேசியவனுக்குக் கிடைக்காத செவிகளை நாமே தேடித் தருகின்றோம்.

பயிற்சி

குடும்பத்தோடு அமர்ந்து கீழ்க்காண்பவற்றைக் கோட்டின் எப்புறம் எழுதலாம் என்று ஆராய்க. பெரியோர் முதலில் விடை கூறாதிருத்தல் நன்று.

மேடைப் பேச்சாளர் ஒருவர், சல்லேகனை என்பது தற்கொலையே என்றும், அதனைச் சட்டம் தண்டிக்க வேண்டும் என்றும் கடுமையாகப் பேசுகின்றார். 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர் நீதிமன்றமே அவ்வாறு தீர்ப்பளித்து, அம்மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்ததையும் கருதிப் பார்க்க.

நம் சமூகத்து இளைஞர் ஒருவர், ஊன் உண்பவர்க்கு நம் தெருவில் வீடு தரலாகாது என்று குழுவில் எழுதுகின்றார். இதனைப் பிறர் எழுதிய பேச்சுக்கு இட்ட அதே அளவுகோலால் அளக்க.

மெல்போர்னில் வாழும் நம் உறவுப்பெண் பரியூஷண நாளில் தன் வாசற்படியில் பச்சரிசியால் சுவஸ்திகம் இடுகின்றாள். எதிர்வீட்டில் ஒரு யூத மூதாட்டி இருக்கின்றார். கண்டவுடன் கதவைச் சாத்திக்கொள்கின்றார். சட்டம் உறவுப்பெண்ணின் பக்கம் இருக்கின்றது. அன்று மாலை அவள் செய்யவேண்டுவது யாது?